சுலைகா வீட்டு அலமாரிமேல் இருந்த பெட்டி

முகம்மது ரியாஸ் ஐந்து வேளை தொழுகிறவர். ஆனால் வாரத்தின் ஏழு நாளுக்கும் ராகுகாலம் எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்று யார் கேட்டாலும் யோசிக்காமல் சொல்லுவார். அதில் அவருக்கு நம்பிக்கை கிடையாது. பிழை இருக்கக் கூடாது என்ற கவலை மட்டும் உண்டு. நம்புகிறவர்களுக்கு அந்தக் கவலை அவ்வளவாக இல்லை என்பது பதினாறு வருடத் தொழிலில் அவர் கண்டது.

சிவகாசியில் செந்தூர்பாண்டி முதலாளியின் ஆப்செட் அச்சகத்தில் கம்ப்யூட்டர் பிரிவு ரியாசுடையது. தினசரிக் காலண்டரின் தாள்களும், பட்டாசுப் பெட்டி லேபிள்களும், கல்யாணப் பத்திரிகைகளும் அச்சுப் பிளேட்டுக்குப் போகுமுன் கடைசியாக அவர் கண்ணைத் தாண்டித்தான் போகும். விளைவு, எழுத்தாக இருக்கிற எதையும் படிக்காமல் விட அவரால் முடியாமல் போயிற்று. பஸ் டிக்கெட்டைப் பின்பக்கம் திருப்பிப் படித்துவிட்டுத்தான் சட்டைப்பையில் வைப்பார். பின்பக்கத்தில் ஒன்றும் இல்லாவிட்டால் சின்ன ஏமாற்றம்.

காலை ஏழு மணி பஸ்ஸில் தன் ஊரான விருதுநகரிலிருந்து போவார். திருத்தங்கல் தாண்டும்போதே வேலை முடிந்து திரும்புகிறவரைப் போல இருப்பார். வயது முப்பத்தெட்டு. முகத்தைப் பார்த்து ஐம்பது என்று சொன்னவர்கள் உண்டு, அவரும் மறுத்ததில்லை.

அச்சகத்தில் ஒரு வழக்கம். எந்த வேலை முடிந்தாலும் முதலில் வரும் நல்ல தாள்களில் ஒன்றை எடுத்துத் தனியான ஒரு கட்டுக்குள் போட்டுவிட வேண்டும். ஃபைல் காப்பி என்று பெயர். ஆர்டர் கொடுத்தவர் ஆறு மாதம் கழித்து வந்து, “நான் மயில் கழுத்து நீலம் கேட்டேன், நீங்க சோப்பு நீலம் அடிச்சிருக்கீக” என்று சண்டைக்கு நின்றால், அந்தத் தாளை உருவி மேசைமேல் வைப்பார்கள். சண்டை அத்தோடு முடியும். ஃபைல் காப்பி எடுக்காமல் ஒரு வேலையை வெளியே அனுப்புவது ரியாசுக்குச் செருப்பில்லாமல் வெயிலில் நடப்பதுபோல.

இந்த மனிதர்தான் 2008ஆம் வருடம் தன் அக்கா குடும்பத்துக்கு யாரும் எட்டிப் பார்க்க முடியாத ஒரு தகவல் போக்குவரத்தை அமைத்துக் கொடுத்தார்.

அக்கா சுலைகா ரியாஸ் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளிப் புகுந்த வீட்டில் இருந்தார். அவர் கணவர் தவுபிக் சார்ஜாவில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். பெண்கள் இரண்டு பேர்: பத்தாம் வகுப்புக்குப் போயிருந்த பெனாசிர், நான்காம் வகுப்பு ஷிபானா. தவுபிக்கின் அண்ணன் நாகூர் கனி வத்தல் மண்டி வைத்திருந்தார். கூட்டுக் குடும்பம். வீட்டில் அவர் சொல்தான் சொல்.

வெள்ளிக்கிழமைதோறும் சாயங்காலம் தவுபிக் அங்கே ஒரு நெட் கபேயில் வந்து உட்காருவார். இங்கே பிள்ளைகள் வீட்டுக் கம்ப்யூட்டரில், ஊர் உலகமெல்லாம் புழங்கிய ஒரு அரட்டைத் தளத்தைத் திறந்து வைத்துக் காத்திருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை அத்தா வருமுன் வேறு எவனோ வந்துவிட்டான். வயசென்ன, ஆணா பெண்ணா, எந்த ஊர் என்று மூன்று கேள்வியை ‘ஏ எஸ் எல்’ என மூன்றே இங்கிலீஷ் எழுத்தில் கேட்டான். ஷிபானாவுக்குப் பள்ளிக்கூடத்தில் அந்த வாரம்தான் கடிதம் எழுதுவது நடத்தியிருந்தார்கள். அவள் மூன்றுக்கும் பதில் சொல்லி, கதவு எண், தெரு, பின்கோடு சகிதம் முகவரியையும் எழுதி அனுப்பினாள். பிற்பாடு ரியாஸ் அதைப் பார்த்தபோது ஒரு பிழை இல்லை.

ரியாஸ் போனபோது நாகூர் கனி இன்டர்நெட் வயரைப் பிடுங்கிக் கையில் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“எவன்னே தெரியாதவனுக்கு நம்ம வீட்டு வாசல் வரைக்கும் வழி சொல்லியிருக்கு மாப்ளே உம்ம மருமக. இனி இந்த வீட்டுல இன்டர்நெட்டு கெடையாது.”

“அப்ப சார்ஜா மச்சான் புள்ளைககூட எப்படிப் பேசுவாரு?”

“போன் இருக்குல்ல. நாங்கல்லாம் போன்ல பேசித்தான வளந்தோம்?”

அவர் வளர்ந்தபோது அந்தத் தெருவிலேயே போன் கிடையாது. அது வேறு விஷயம். போனில் ஒரு முறை இருந்தது. தவுபிக் கூப்பிட்டால் வயதுப்படிதான் பேச வேண்டும். முதலில் நாகூர் கனி, அடுத்து அவர் மனைவி, அதன்பின் சுலைகா, பிறகு பெனாசிர். மண்டி நிலவரம் பேசி முடித்து, சம்பந்தி வீட்டு விசேஷம் பேசி முடித்து, ரிசீவர் ஷிபானா கைக்கு வரும்போது தவுபிக்கின் போன் கார்டில் காசு தீர்ந்திருக்கும். அத்தா என்பவர் “சொல்லுடா...” என்று ஆரம்பித்து அறுந்துபோகிற ஒரு குரல் என்று அந்தப் பிள்ளை முடிவுக்கு வந்திருந்தது.

பக்கத்தில் நின்ற ஷிபானாவின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் ரியாஸ் தன் வாழ்நாளில் மிக அதிகமாக வருத்தப்பட்ட வாக்கியத்தைச் சொன்னார்.

“நம்மளே சொந்தமா ஒண்ணு வச்சுக்கிடலாம் மச்சான்.”

“எத?”

“இந்த அரட்டைக்கு நடுவுல ஒரு மிஷின் இருக்கு. எல்லாரு பேச்சும் அது வழியாத்தான் போகும். அது எங்கனயோ வெளிநாட்டுல இருக்கப் போயிதான் எவனும் நுழையுறான். அந்த மிஷின இங்கன வச்சிட்டா? தபாலாபீசு நம்ம வீட்டுக்குள்ள. சார்ஜா மச்சான், அக்கா, புள்ளைக ரெண்டு, நாலு பேருக்குத்தான் சாவி. அஞ்சாவது ஆளு தலைகீழா நின்னாலும் உள்ள வர முடியாது.”

நாகூர் கனி வயரைச் சுருட்டுவதை நிறுத்தினார். “யாரு என்ன எழுதுறாகன்னு நான் பாத்துக்கிடலாமா?”

“அது முடியாது மச்சான். எழுதுனவரும் வாங்குனவரும்தான் பாக்கலாம்.”

அதைச் சொன்னபோது ரியாசுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

செந்தூர்பாண்டி முதலாளி முன்பு ஒரு முறை, காசு கொடுக்காத மென்பொருளுக்கு ரெய்டு வருகிறது என்று எவரோ சொன்னதைக் கேட்டுப் பயந்து, அச்சக சர்வரை இலவச லினக்சுக்கு மாற்றச் சொன்னார். மதுரையிலிருந்து வந்த இன்ஜினியர் பாதி வேலையில் கல்யாணத்துக்குப் போனவர் திரும்பவில்லை. மீதிப் பாதியை ரியாஸ் தலைமுடியைக் கொடுத்துக் கற்றுக்கொண்டார். அந்தப் படிப்பும், அச்சகத்தில் மூலையில் கிடந்த ஒரு பழைய கம்ப்யூட்டரும்தான் மூலதனம். முதலாளி பெட்டியை இனாமாகக் கொடுத்தார்.

“கொண்டு போங்க ரியாசு. ஆனா சீசன்ல அக்கா வீட்டு மிஷின் படுத்துருச்சுன்னு லீவு கேக்கப்படாது.”

பிளேட் போடும் சங்கிலிமுத்து பெட்டியைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டார். “அண்ணே, இதுக்கும் அரை டிக்கெட் கேப்பான், சொல்லிருங்க, மடியில வச்சுக்கிடுதேன்னு.”

ஐந்து ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று. பெட்டியைச் சுலைகா வீட்டு ஹாலில் இரும்பு அலமாரிமேல் வைத்தார்கள். முதல் வில்லங்கம் முகவரியில் வந்தது. பிராட்பேண்டு இணைப்பு ஒவ்வொரு தடவை அறுந்து சேரும்போதும் இணையத்தில் அந்த வீட்டின் எண் மாறிவிடும். சார்ஜாவிலிருந்து தேடி வருகிற மச்சானுக்குப் புது எண்ணை உடனுக்குடன் தெரிவிக்க ஒரு ஏற்பாடு வேண்டும் என்று ரியாஸ் விளக்கினார்.

“நாப்பது வருசமா இதே வீட்டுலதான இருக்கோம்?” என்றார் நாகூர் கனி. “நாங்க அசையல. எப்படிய்யா அட்ரஸ் மாறும்?”

ரியாஸ் இரண்டாம் முறை விளக்கவில்லை. தெம்பு இல்லை.

ஐந்தாவது ஞாயிறு வீடு திரும்பியபோது அவர் மனைவி நசிமா வாளியைக் காட்டினார். “கடல் தாண்டி தந்தி ஆபீசு கட்டுறீக. நம்ம வீட்டுக் குழாய்க்கு ஒரு வாசர் மாத்த ஆள் இல்ல.” ரியாஸ் வாசர் மாற்றினார். குழாய் முன்பைவிட அதிகமாக ஒழுகியது.

தொடக்கி வைத்த நாளில் பெனாசிர் பக்கத்தில் வந்து நின்றாள். பதினைந்து வயதுப் பெண். எதையும் ஒரு தரம் கேட்டால் போதாது அவளுக்கு.

“மாமா, நாங்க எழுதுறத பெரியத்தா பாக்க முடியாதுல்ல?”

“முடியாது.”

“அம்மா?”

“அம்மாவும்தான். அவுகவுகளுக்கு வந்தத அவுகவுகதான்.”

“நீங்க? நீங்கதான மாமா இத செஞ்சது?”

“நானும் பாக்க முடியாது தாயி” என்றார் ரியாஸ்.

பார்க்க மாட்டேன் என்பதுதான் அவர் சொல்ல நினைத்தது. இரண்டுக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று அவருக்குத் தெரியும். பிழை திருத்துவதுதானே தொழில். ஆனால் பெட்டியை அமைக்கும்போது, போய்வருகிற செய்திகளுக்கு நகல் வைத்துக்கொள்ளவா என்று அது கேட்டிருந்தது. வைத்துக்கொள் என்று ரியாஸ் பதில் கொடுத்திருந்தார். யோசித்துக் கொடுத்த பதில் இல்லை. கை தானாகக் கொடுத்தது. பதினாறு வருடம் ஃபைல் காப்பி எடுத்த கை. யோசித்திருந்தால் செய்திருக்க மாட்டேன் என்று பிற்பாடு தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அதையும் அவர் முழுக்க நம்பவில்லை.

பெட்டி நன்றாகத்தான் ஓடியது. இங்கிலீஷ் எழுத்தில் தமிழ் எழுதிக்கொண்டார்கள். அத்தா உள்ளே வந்தால் அவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி எரியும், போனால் அணையும். ஷிபானாவுக்குச் செய்தியைவிடப் புள்ளிதான் பிடித்தது. பேச ஒன்றும் இல்லாவிட்டாலும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். சுலைகா யாரும் இல்லாத மத்தியானத்தில் ஒற்றை விரலால் எழுதுவார். என்ன எழுதினார் என்று எவருக்கும் தெரியாது.

ரியாசுக்குத்தான் ஓய்வு போயிற்று. அந்த வருடம் கரண்ட் போகாத நாள் இல்லை. போனால் இரண்டு மணி நேரம். வீட்டு இன்வெர்ட்டர் ஒன்று விசிறியைச் சுற்றும், அல்லது பெட்டியை ஓட்டும், இரண்டையும் செய்யாது. நாகூர் கனி வீட்டில் இருந்தால் விசிறி ஜெயிக்கும். பெட்டி விழுந்துவிட்டால் அச்சகத்துக்குப் போன் வரும். “மாமா, பெட்டி மவுத்தாப் போச்சு” என்பாள் ஷிபானா. ஊருக்கெல்லாம் சாவுச் சேதி போகிற மாதிரியே சொல்லுவாள். பஸ் இறங்கி வீட்டுக்குப் போகாமல் அக்கா வீட்டுக்குப் போய், ஸ்டூலில் ஏறி, அதை எழுப்பிவிட்டு வருவார். பட்டாசு சீசன், காலண்டர் சீசன், அதற்குமேல் இது மூன்றாவது சீசன். இதற்கு முடிவும் கிடையாது.

2009 பிப்ரவரியில் ஒரு ஞாயிறு மத்தியானம். கரண்ட் கன்னாபின்னாவென்று வந்து போனதில் பெட்டியின் தகவல் கிடங்கு உடைந்திருந்தது. ரியாஸ் உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஒட்டவைத்தார். ஒட்டிய பிறகு எல்லாம் முழுசாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்குக் கடைசிச் சில வரிகளைத் திறந்து பார்ப்பதுதான் முறை. திறந்தார். வரி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு மூடக்கூடிய மனிதர்கள் உலகத்தில் இருக்கிறார்கள். ரியாஸ் பொங்கல் வரை மேலே தள்ளிப் படித்தார்.

பெனாசிர் எழுதியிருந்தாள்: அத்தா, இன்னைக்கும் காலையிலயே பச்சையா இருக்கீக. கம்பெனி லீவா?

ஆமாடா.

நேத்தும் லீவா? முந்தாநாளும் பாத்தேன் அத்தா. பொங்கல் லீவு எங்களுக்குத்தான, உங்களுக்குமா?

பிறகு: பெனாசிர், அத்தாவுக்கு வேலை போயிருச்சு. நவம்பர்லயே. சைட்ட மூடிட்டாக. அம்மாட்ட சொல்லிறாத. பெரியத்தாவுக்குத் தெரியவே கூடாது. வேற வேலை கெடச்சதும் நானே சொல்றேன்.

சரி அத்தா. சாப்பிட்டீகளா?

அன்றிலிருந்து தினமும் அவள் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தாள். சாப்பிட்டீகளா. சாப்பிட்டீகளா. பதில் சில நாள் வந்தது, சில நாள் வரவில்லை. கடைசி வரி முந்தின நாள் எழுதியது: கணக்கு ஒண்ணும் ஏற மாட்டேங்குது அத்தா. அம்மா மூஞ்சியப் பாத்தா சொல்லிருவனோன்னு பயமா இருக்கு. சீக்கிரம் சொல்லிருங்க.

அடுத்த மாதம் அவளுக்குப் பொதுத்தேர்வு.

ரியாஸ் திரையை அணைத்துவிட்டு, “சரியாப் போச்சு” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

அந்த வாரம் பஸ்ஸில் அவர் எதையும் படிக்கவில்லை. அக்காவிடம் சொன்னால் பிள்ளை அத்தாவுக்குக் கொடுத்த வாக்கும், மாமா பிள்ளைக்குக் கொடுத்த வாக்கும் சேர்ந்து உடையும். சொல்லாவிட்டால் பதினைந்து வயதுப் பெண் வீட்டிலுள்ள பெரியவர்கள் அத்தனை பேரின் நிம்மதியையும் தனியாளாகச் சுமந்துகொண்டு பரீட்சை எழுதுவாள். நாகூர் கனி படித்துவிடக் கூடாது என்று தடுத்த ஆள் தானே படித்துவிட்டார் என்பது இதற்கெல்லாம் மேலே உட்கார்ந்திருந்தது. போகவர ஒன்றரை மணிநேர பஸ் அலைச்சலில் யோசித்துத் தீர்க்கக்கூடிய சமாச்சாரமாக அது இல்லை.

வியாழக்கிழமை ஒரு மத்தாப்பு லேபிளில், பெட்டிக்குப் பன்னிரண்டு என்பதற்குப் பத்து என்று இருந்ததை அவர் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார். சங்கிலிமுத்து பிடித்துக் கொண்டுவந்தார்.

“அண்ணே, நீங்களா தப்பு விட்டீக? ஒடம்புக்கு ஏதும் பண்ணுதா?”

“ஒண்ணுமில்லப்பா. அசதி.”

“அது எப்பவும் உள்ளதுதான. இது வேற ஏதோ.”

மறு ஞாயிறு. பெனாசிர் ஹாலில் கணக்குப் புத்தகத்தைத் திறந்து வைத்து அதற்கு மேலாக எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். ஷிபானா தெருவில் விளையாடப் போயிருந்தாள். ரியாஸ் எதிரே உட்கார்ந்தார். சுற்றி வளைத்துச் சொல்லத் தெம்பில்லாததால் நேராகச் சொன்னார். பெட்டியைச் சரிபண்ணும்போது அத்தா எழுதியதைப் படித்துவிட்டேன், மன்னித்துக்கொள், இனி நீ தனியாக வைத்துக்கொண்டு இருக்க வேண்டாம்.

அவள் அழுவாள், பாரம் இறங்கிற்று என்பாள் என்று அவர் எதிர்பார்த்திருந்தார். அவள் அழவில்லை.

“பாக்க முடியாதுன்னு சொன்னீகள்ல மாமா?”

“சொன்னேன்.”

“முடியும்ல?”

“முடியும்.”

“அப்ப எதுக்குச் சொன்னீக?”

ரியாசின் கண் கணக்குப் புத்தகத்தின் தலைகீழ் எழுத்தைப் படித்துக்கொண்டிருந்தது.

“அந்தத் தளத்துல வந்தான்ல ஒருத்தன்” என்றாள் பெனாசிர், மெதுவாக. “அவனாவது வயசென்ன, எந்த ஊருன்னு கேட்டுட்டு உள்ள வந்தான்.”

கணக்குப் புத்தகத்தை மூடினாள். “அம்மாட்ட நீங்களே சொல்லுங்க. அத்தாட்ட நான் சத்தியம் பண்ணிருக்கேன், நீங்க பண்ணல. இனிமே அது உங்க வேலை.” எழுந்து உள்ளே போய்விட்டாள். நியாயமான பங்கீடுதான் என்று ரியாசுக்குப் பட்டது. அதுதான் வலித்தது.

சுலைகா அடுப்படியில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். ரியாஸ் நிலையில் சாய்ந்து நின்று எல்லாவற்றையும் சொன்னார். நவம்பர், சைட் மூடியது, பெனாசிருக்குத் தெரிந்தது, தனக்குத் தெரிந்த விதம். சுலைகாவின் கை மூன்று வெங்காயம் வரை உரித்துக்கொண்டே இருந்தது. பிறகு நின்றது.

“ஏலே. நான் எழுதுனதையும் படிச்சியா?”

கணவருக்கு வேலை போனதைக் கேட்டு ஒரு மனைவி கேட்கிற முதல் கேள்வி இதுவாக இருக்கும் என்று ரியாஸ் நினைக்கவில்லை.

“இல்லக்கா. சத்தியமா. பெனாசிர் எழுதுனதுதான் தெறந்துச்சு. அத மட்டுந்தான் படிச்சேன்.”

“பஸ் டிக்கெட்டப் பொரட்டிப் படிக்கிறவன் நீ.”

“படிக்கலக்கா.”

“எட்டு மாசமா உன் கையிலதான இருந்துச்சு?”

“இருந்துச்சு. ஆனா படிக்கல.”

சுலைகா அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நம்பினாரா என்று சொல்ல முடியாது. செய்யாததை நிரூபிக்க எந்த அச்சகத்திலும் காப்பி கிடைப்பதில்லை.

“அம்புட்டையும் இப்பவே அழிச்சிருதேன்க்கா. நீ பக்கத்துல நின்னு பாரு” என்றார் ரியாஸ்.

“எதுக்கு அழிக்க?” சுலைகாவின் குரல் உயர்ந்தது. “பதினேழு வருசத்துல அந்த மனுசன் என்கிட்ட இம்புட்டு பேசுனதில்ல. லீவுக்கு வந்தாலும் அண்ணன்கூட மண்டியிலதான் ஒக்காந்திருப்பாக. அங்கன இருந்து எழுதுனதுதான் எனக்குன்னு பேசுனது. அத அழிக்க நீ யாருலே?” முந்தானையில் கையைத் துடைத்தார். “சாவிய என் பேருக்கு மாத்து. எப்படி எழுப்புறது, எப்படிப் படுக்கவைக்கிறதுன்னு எல்லாம் எனக்குச் சொல்லிக்குடு. இனி நீ அதுல கை வைக்கப்படாது.”

“அது கஷ்டம்க்கா. இங்கிலீஷுல...”

“எட்டாங்கிளாசு வரைக்கும் நான்தான உனக்கு இங்கிலீஷ் சொல்லிக்குடுத்தேன்?”

உண்மைதான்.

மூன்று மணி நேரம் ஆயிற்று. சுலைகா ஒரு நோட்டில் ஒவ்வொரு கட்டளையையும் எழுதிக்கொண்டார். கடைசியில் கடவுச்சொல்லை மாற்றும் நேரம் வந்தது. “திரும்பிக்க” என்றார். ரியாஸ் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். ஒற்றை விரல் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டியது. பதினொரு தட்டு. எண்ணக் கூடாது என்று நினைத்து முடிப்பதற்குள் எண்ணியாகிவிட்டது.

அன்று சாயங்காலமே சுலைகா கணவருக்கு எழுதினார். என்ன எழுதினார் என்று ரியாசுக்குத் தெரியாது. முதல் முறையாக, தெரிந்துகொள்ள வழியும் இல்லை. அதற்கடுத்த வெள்ளிக்கிழமை தவுபிக் போனில் கூப்பிட்டு அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னார். நாகூர் கனி மறுநாள் ரியாசை மண்டிக்கு வரச் சொல்லி, வத்தல் மூட்டைகளுக்கு நடுவே நிறுத்திவைத்துக் கத்தினார். தம்பிக்கு வேலை போனதற்காக அல்ல.

“வீட்டுக்கு மூத்தவன் நான். மொதல்ல புள்ளைக்குத் தெரியும், அப்புறம் உமக்குத் தெரியும், அப்புறம் அவ. கடேசியில எனக்கு! என்னய்யா மொறை இது?”

வத்தல் நெடியில் இரண்டு பேருக்கும் தும்மல் வந்தது. தும்மி முடித்தபோது அவருக்குக் கோபம் பாதி போயிருந்தது. “கிறுக்குப் பய, என் தம்பி. எங்கிட்ட சொன்னா நான் என்ன முழுங்கவா போறேன்? வரச் சொல்லும். மண்டியில ஆள் இல்லாமத்தான் கெடக்கு.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “ஆமா, அந்தப் பெட்டிய நான் பாக்க முடியாதுன்னீரு. முடியும் போலயே? சாவிய எங்கிட்ட குடும்.”

“எங்கிட்ட இல்ல மச்சான்.”

“பொய் சொல்லாதேரும்.”

“நெசமாவே இல்ல. அக்காட்ட கேளுங்க.”

அந்தப் பெட்டியைப் பற்றி ரியாஸ் அவரிடம் சொன்னதில் முழுக்க உண்மையானது அது ஒன்றுதான். நாகூர் கனி நம்பவில்லை. சுலைகாவிடம் கேட்கவும் இல்லை. தம்பி மனைவியிடம் போய் ஒன்றைக் கொடு என்று கேட்பது மூத்தவருக்கு முறையில்லை. அந்த வீட்டில் பெட்டிக்கு இருந்த கடைசிப் பூட்டு அதுதான்; அதை அமைத்தது ரியாஸ் இல்லை.

தவுபிக் உடனே வரவில்லை. ஜூன் வரை தேடிப் பார்க்கிறேன் என்றார். பெனாசிர் பரீட்சை எழுதினாள். கணக்கில் எழுபத்தொன்று. தொண்ணூறு வரும் என்று எதிர்பார்த்த பாடம். ரியாஸ் போனால் “வாங்க மாமா” என்பாள், தண்ணீர் கொண்டுவந்து வைப்பாள். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. அடுத்த வார்த்தை வராது. ரியாஸ் தண்ணீரைக் குடித்துவிட்டு வருவார்.

மே மாதம் ஒரு நாள் காலை பதினொரு மணிக்கு அச்சகத்துக்குப் போன் வந்தது.

“ஏலே, பெட்டி எந்திரிச்சிருச்சு. ஆனா அவுகளுக்கு நான் எழுதுனது போக மாட்டேங்குது.”

“வேலை கெடக்குக்கா. சாயங்காலம் வந்து பாக்கட்டா?”

“நீ வரவேண்டாம். அங்கன இருந்தே சொல்லு. நான் வாசிக்கேன்.”

ரியாஸ் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். சங்கிலிமுத்து பிளேட்டைக் கையில் வைத்துக்கொண்டு கையெழுத்துக்காக நின்றார். ரியாஸ் எந்தக் கட்டளை கொடுக்க வேண்டும் என்று எழுத்து எழுத்தாகச் சொன்னார். சுலைகா எழுத்து எழுத்தாகத் திருப்பிச் சொன்னார். போய்ச் சேராமல் தேங்கி நிற்பவை திரையில் வரிசையாக வந்தன. பள்ளிக்கூடப் பிள்ளை பாடம் ஒப்பிப்பதுபோல சுலைகா முதல் வரியை வாசித்தார், இரண்டாம் வரியை வாசித்தார். மூன்றாவதில் நின்றார்.

“என்னக்கா?”

“இது நான் அவுகளுக்கு எழுதுனது. அப்படியே கெடக்கு.”

“அதுலதான் கோளாறு இருக்கும் போல. என்ன போட்டிருக்கு?”

“அது உனக்கு வேண்டாம்.”

ரியாஸ் கண்ணை மூடித் திறந்தார். சங்கிலிமுத்துவுக்குக் கையைக் காட்டி இருக்கச் சொன்னார்.

“சரிக்கா” என்றார். “அத விட்டுரு. அதுக்கு அடுத்த வரிய வாசி.”